இருபத்து நான்கு எலிகளின் முறை

கடிதம் 2003 மே மாதம் வந்தது. நான்கு வருட வேலையைப் பதினெட்டுப் பக்கத்தில் எழுதி ஸ்வர்ணா வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பியிருந்தாள். அதை இரண்டு பேர் படித்துக் கருத்துச் சொல்லியிருந்தார்கள். ஒருவருக்குப் பிடித்திருந்தது. இன்னொருவர் நம்பவில்லை. எலிகளின் எண்ணிக்கை போதாது என்றார். குழுவுக்குப் பன்னிரண்டு எலிகளை வைத்து இன்னொரு தடவை செய்து காட்டினால் வெளியிடலாம் என்று முடித்திருந்தார். நவம்பர் முப்பதுக்குள் அனுப்ப வேண்டும்.

கட்டுரை சொன்ன விஷயத்தை இரண்டு வரியில் அடக்கிவிடலாம். கிருமி எதுவும் புகாமல், வெறும் மன அழுத்தத்தாலேயே மூளையில் அழற்சி உண்டாகும். அது நீடித்தால் நினைவைச் சேர்த்து வைக்கிற இடத்தில் நரம்புச் செல்கள் சாகத் தொடங்கும். ஜெர்மனியில் ஒரு குழுவும் இதே வேலையில் இருந்தது. யாருடையது முதலில் அச்சில் வருகிறதோ, கண்டுபிடிப்பு அவர்களுடையது. இரண்டாவதாக வருகிறவருக்கு அடிக்குறிப்பில் இடம் கிடைக்கும். ஸ்வர்ணாவுக்கு நாற்பத்தொரு வயது. அவள் பெயர் தனியாக நிற்கிற கட்டுரை இதுவரை ஒன்றும் இல்லை.

ஆய்வு நிறுவனம் அழகர்கோவில் சாலையில் இருந்தது. ஓர் அறக்கட்டளை நடத்தியது. முன்பக்கம் மூன்று மாடி, பின்பக்கம் தோட்டம், தோட்டத்தின் கடைசியில் எலிக்கூடம். பல வருடமாக எலிக்கூடத்தைப் பார்த்துக்கொண்ட மருது அந்தச் சித்திரையில் வேலையை விட்டுவிட்டு மகனோடு திருப்பூர் போய்விட்டார். அந்த இடத்துக்குத் தோட்டத்திலிருந்து ஆண்டிச்சாமியைப் போட்டார்கள். ஐம்பது வயது. வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் ஊர். ஒரு பஸ்ஸில் மதுரைக்கு வந்து, மாட்டுத்தாவணியில் இன்னொரு பஸ் ஏறி, எட்டரைக்கு வந்துவிடுவார். ஒரு நாளும் பிந்தியதில்லை.

ஸ்வர்ணா அவருக்கு வேலையைச் சொல்லிக்கொடுத்தாள். இடப்பக்க அடுக்கில் நான்கு கூண்டு, வலப்பக்க அடுக்கில் நான்கு கூண்டு. கூண்டுக்கு மூன்று ஆண் எலி. இடப்பக்கத்துப் பன்னிரண்டையும் தினம் காலை ஒன்பதரைக்குக் கம்பிவலைக் குழாய்களில் விட வேண்டும். குழாய்க்குள் எலியால் திரும்ப முடியாது. ஆறு மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். மூன்றரைக்கு வெளியே எடுக்கலாம். வலப்பக்கத்தைத் தொடக் கூடாது. தீனி, தண்ணீர், அவ்வளவுதான். இருபத்தொரு நாள்.

ஒவ்வொரு எலியின் வாலிலும் மையால் ஓர் எண் இருந்தது. நான்கைந்து நாளில் மை மங்கும், மறுபடி எழுத வேண்டும் என்றாள். ஆண்டிச்சாமி பேனாவை வாங்கிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

அவள் கூண்டுகளுக்குப் பக்கத்தில் போகவில்லை. அது அவள் வகுத்துக்கொண்ட கட்டுப்பாடு. கடைசியில் நுண்ணோக்கியில் செல்களை எண்ணப்போவது அவள். எந்த எலி எந்தக் குழு என்று எண்ணுகிறவருக்குத் தெரிந்திருந்தால் கண் தானாக ஒரு பக்கம் சாயும். அதனால் எண்களின் பட்டியலைச் சக ஆய்வாளர் வெங்கடேஷ்பாபு தயாரித்து, உறையில் ஒட்டித் தன் மேஜையில் பூட்டி வைத்திருந்தார். வாராந்திர எடைச் சீட்டும் அதே மேஜைக்குத்தான் போனது. ஸ்வர்ணா தினமும் பத்து மணிக்கு எலிக்கூடத்தின் வாசலில் நின்று நிரம்பிய குழாய்களை எண்ணுவாள். பன்னிரண்டு இருக்கும். திரும்பிவிடுவாள். இவ்வளவு கறாராக இந்தக் கட்டடத்தில் வேறு யாரும் வேலை செய்வதில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இருபத்தொரு நாள் முடிந்தது. மறுநாளிலிருந்து அவளும் வெங்கடேஷ்பாபுவும் எலிகளை ஒவ்வொன்றாக மயக்கி மூளையை எடுத்தார்கள். ஆண்டிச்சாமி கூண்டுகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். காலியான கூண்டுகளை எடுக்கத்தான் மறுபடி வந்தார். அதன் பிறகு மூளையை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடிச் சில்லுகளில் ஒட்டுவது, சாயம் ஏற்றுவது, எண்ணுவது. அக்டோபர் கடைசி வாரம் எண்ணி முடித்தாள். வெங்கடேஷ்பாபு உறையைப் பிரித்தார்.

இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை.

முதலில் கூட்டலில் பிழை என்று நினைத்தாள். பிழை இல்லை. இருபத்து நான்கு மூளையிலும் அழற்சி இருந்தது. குழாயையே பார்த்திராத வலப்பக்கத்து எலிகளுக்கும் இருந்தது. அதுவும் மருது காலத்தில் தினமும் குழாயில் அடைபட்ட எலிகளுக்கு இருந்ததைவிட அதிகமாக.

ஒரு வாரம் காரணம் தேடினாள். தீனி மூட்டை மாறவில்லை. தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினாள், சுத்தமாக இருந்தது. ஜெனரேட்டர் சத்தமா என்று பார்த்தாள். அது முந்தைய வருடமும் அதே இடத்தில்தான் ஓடியது. பழைய சில்லுகளை எடுத்து மறுபடி எண்ணினாள். பழைய கணக்கு சரியாகவே இருந்தது.

வெங்கடேஷ்பாபு கல்லூரியிலிருந்து அவளோடு படித்தவர். இருவருக்கும் வீட்டில் சௌராஷ்டிரம். ஆய்வகத்தில் மற்றவர்கள் இருக்கும்போது ரகசியம் பேச வேண்டுமென்றால் அந்த மொழிக்கு மாறுவார்கள். அன்று அறையில் யாருமே இல்லை. ஆனாலும் அவர் சௌராஷ்டிரத்தில்தான் பேசினார். மருது காலத்தில் குழாய்க்குப் போகாத வலப்பக்க எலிகளின் சில்லுகள் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன, புது இடப்பக்கத்துக்குப் பக்கத்தில் அவற்றை வைத்துவிடலாம் என்றார். முடிவு எப்படியும் உண்மைதான், நான்கு வருடமாகப் பார்த்ததுதான், இந்த ஒரு தடவைதான் எங்கோ கெட்டுப்போயிருக்கிறது என்றார். அது பொய் ஆகாது, வேறு எலிகளை வைத்து உண்மையைச் சொல்கிறோம் என்று சிரித்தார்.

ஸ்வர்ணா சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. நவம்பர் முப்பதுக்கு இருபத்திரண்டு நாள் இருந்தது. அன்று மாலை பழைய சில்லுப் பெட்டியைத் தன் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அம்மா சாரதாம்பாள் சாப்பாடு பரிமாறிக்கொண்டே அச்சில் வந்துவிட்டதா என்று கேட்டாள். மாதம் ஒரு தடவையாவது கேட்பாள். இந்த மாதம் அனுப்பிவிடுவேன் என்றாள் ஸ்வர்ணா.

மறுநாள் காலை எலிக்கூடத்துக்குப் போனாள். நோய் ஒன்றுதான் மிச்சம். அதையும் கேட்டுவிட்டால் தேடாத இடம் இல்லை என்று ஆகிவிடும். ஆண்டிச்சாமி கூண்டுத் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எலி எதுவும் தும்மியதா என்று கேட்டாள். இல்லை. மயிர் கொட்டியதா? இல்லை. கழிச்சல்? இல்லை. ஒருவேளை கூண்டிலிருந்தே ஏதாவது தொற்றியிருக்கலாம் என்றாள்.

அவர் தேய்ப்பதை நிறுத்தினார்.

"என் கூண்டுல நோயா? மருது இருந்தப்ப இங்கன எம்புட்டு நாத்தம் அடிச்சுச்சுன்னு தோட்டத்துல நின்ன எனக்குத் தெரியும் மேடம். இப்ப மோந்து பாருங்க."

நாற்றம் இல்லை என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் எல்லா எலிக்கும் ஒரே மாதிரி வந்திருக்கிறது, குழாய்க்குப் போனதற்கும் வந்திருக்கிறது, போகாததற்கும் வந்திருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன் என்றாள்.

"போகாததுன்னு ஒண்ணு கெடையாதே மேடம்."

அவளுக்குப் புரியவில்லை.

"இருபத்து நாலும் போயிருக்கு. முறை வச்சுத்தான் விட்டேன். ஒண்ணுக்குக் கூட, ஒண்ணுக்குக் கொறைய இருக்கக் கூடாதுல்ல."

யாராவது கேட்கட்டும் என்று இத்தனை நாள் காத்திருந்தவர் போல அவர் சொன்னார். முதல் மூன்று நாள் அவள் சொன்னபடியே செய்தார். நான்காம் நாள் காலையில் அவர் கையைப் பார்த்ததுமே இடப்பக்கத்து எலிகள் கத்தின. வலப்பக்கத்தில் தின்றுகொண்டிருந்தன. இதுகள் என்ன பாவம் செய்தன, அதுகள் என்ன புண்ணியம் செய்தன என்று அவருக்குத் தோன்றியது. பாதியை எடுத்து வலப்பக்கம் விட்டார். அங்கிருந்து அதே அளவு எடுத்து இடப்பக்கம் வைத்தார். மூன்று நாள் கழித்து மறுபடி. வாலில் இருந்த எண்ணை மாற்றவில்லை, அதது எண் அததுக்கு. கடைசி நாள் சாயங்காலம் எல்லாவற்றையும் அதனதன் பழைய கூண்டில் சேர்த்துவிட்டார். முறை முடிந்தால் அவரவர் இடத்துக்குப் போக வேண்டும், அதுதான் வழக்கம் என்றார்.

அவர் ஊரில் அந்த வருடம் கால்வாயில் முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். ஐந்து நாள் மேல்மடைக்கு, ஐந்து நாள் கடைமடைக்கு. அவருடைய அப்பா மடை திறக்கிறவர். அவருக்குப் பிறகு ஆண்டிச்சாமியே ஒன்பது வருடம் மண்வெட்டியோடு கால்வாய்க் கரையில் நின்றவர். யாருக்கு எந்த நாள் என்று எழுதி வைக்கிற பழக்கம் இல்லை. தண்ணீர் போதாத வருடத்தில் எல்லா வயலும் பாதி காயும். ஒருவர் வயல் முழுக்கக் காய்ந்து இன்னொருவர் வயல் முழுக்க விளைந்தது என்ற பேச்சு அவர் நின்றவரை எழுந்ததில்லை.

இடம் மாறியபோது எலிகள் சண்டை போடவில்லையா என்று கேட்டாள்.

"புதுசா வந்தவன ரெண்டு தட்டுத் தட்டும். நம்மாளுகள மாதிரித்தான். அப்புறம் ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக்கிரும். கடிபட்டதுக்கு மஞ்சப்பொடி வச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேண்ணே."

"பன்னெண்டு குழாயும் ரொம்பியிருக்கணும்னுதான சொன்னீங்க. ஒருநாளாச்சும் பதினொண்ணு இருந்துச்சா?"

இல்லை. ஒருநாளும் பதினொன்று இருந்ததில்லை. அவள் வாசலில் நின்று எண்ணியது குழாயைத்தான். வாலை அவள் ஒருநாளும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பது அவளுடைய சட்டம்.

தனக்குக் கோபம் வரவில்லை என்பதை அவள் கவனித்தாள். எந்த எலி எந்த நாளில் எந்தப் பக்கம் இருந்தது என்று நினைவிருக்கிறதா என்று கேட்டாள். சொந்த ஊருக்கு வழி தெரியுமா என்று கேட்டதுபோல அவர் பார்த்தார். அவள் போய்த் தாளும் பேனாவும் எடுத்துவந்தாள். அவர் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, காலியாக இருந்த இடப்பக்க அடுக்கைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனார். இரண்டு மணி நேரம் ஆனது. மூன்று நாள் கழித்து, முதல் தாளை மறைத்து வைத்துக்கொண்டு மறுபடி கேட்டாள். ஓர் எண்கூடப் பிசகவில்லை.

அந்தக் கணக்கை வைத்து இருபத்து நான்கு எலிகளையும் புதிதாக வரிசைப்படுத்தினாள். குழாயில் இருந்த நாட்களின்படி வரிசைப்படுத்தியபோது ஒன்றும் கிடைக்கவில்லை. புள்ளிகள் இறைந்து கிடந்தன. கூண்டு மாறிய தடவைகளின்படி வரிசைப்படுத்தினாள். புள்ளிகள் ஒரு கோடாக ஏறின. இரண்டு தடவை மாறியதற்குக் கொஞ்சம், ஐந்து தடவை மாறியதற்கு நிறைய. கோட்டின் உச்சியில், மற்றவற்றை விட்டுத் தள்ளித் தனியாக ஒரு புள்ளி இருந்தது. பதினொன்றாம் எண்.

வெங்கடேஷ்பாபு அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். இது பழைய கட்டுரையைவிடப் பெரிய கட்டுரை என்றார். திட்டமிடாமல் நடந்தது, ஒருவருடைய ஞாபகத்தில் மட்டும் இருப்பது, இதை எந்தப் பத்திரிகைக்கு அனுப்புவது என்று ஸ்வர்ணா கேட்டாள். அப்படியானால் பழைய சில்லுகளை எடுத்துக்கொள், பதினெட்டு நாள்தான் இருக்கிறது என்றார். இந்தத் தடவை தமிழில் சொன்னார். இப்போது அது கெட்டுப்போனதற்குக் காரணமும் தெரிந்துவிட்டதே, இனி என்ன தயக்கம் என்றார்.

அது நியாயமாகத்தான் பட்டது. பழைய முடிவு உண்மை என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. கட்டுரையில் மாற்ற வேண்டியது ஒரே ஒரு அட்டவணை. அதைத் தட்டச்சும் செய்து பார்த்தாள். வித்தியாசம் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. நம்பாத அந்த இரண்டாமவரும் நம்பிவிடுவார். அந்தத் தாளை அச்செடுத்து இழுப்பறையில் வைத்தாள்.

ஆண்டிச்சாமி இதற்குள் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார். நோயா இல்லையா, எதனால் வந்தது. தன் கூண்டுகளின் மேல் பழி இருப்பது அவருக்கு உறுத்தியது. மூன்றாம் தடவை வந்தபோது ஸ்வர்ணா அவரை உள்ளே வரச் சொன்னாள். அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தார். நுண்ணோக்கிக்கு முன்னால் நாற்காலியைக் காட்டினாள். உட்காராமல் குனிந்தார். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டார்.

முதலில் போன வருடத்துச் சில்லு ஒன்றை வைத்தாள். குழாய்க்குப் போகாத எலி. ஆண்டிச்சாமி சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பழுப்பாகத் தெரிகிறது, சல்லிவேர் விட்ட மாதிரி இருக்கிறது என்றார். அது மூளையின் காவல் செல், தொந்தரவு இல்லாதபோது அப்படித்தான் நாலு பக்கமும் கையை நீட்டிக்கொண்டு இருக்கும் என்றாள். பிறகு சில்லை மாற்றினாள்.

"இதுல வேரக் காணோமே. கருணைக்கெழங்காட்டம் உருண்டு கெடக்கு."

"கையெல்லாம் உள்ள இழுத்துக்கிட்டு வீங்கிப்போச்சு. சண்டைக்கு நிக்கிது. எதிரி யாரும் இல்ல, ஆனா அதுக்குத் தெரியாது. இப்படியே நின்னா பக்கத்துல இருக்கிற நல்ல செல்லையும் தின்னுரும்."

"இது எது?"

"பதினொண்ணு."

அவர் கண்ணை எடுத்தார். பதினொன்றாம் எண்ணை அவருக்கு நன்றாகத் தெரியும். குழாயைப் பார்த்தாலே கையில் மூத்திரம் போகிற எலி அதுதான். மற்றவற்றுக்கு மூன்று நாள் முறை. அதற்கு மட்டும் ஒருநாள் குழாய், இரண்டு நாள் ஓய்வு என்று தனியாக வைத்திருந்தார். அவரே அவளுக்குச் சொன்னதுதான்.

"அதுக்குத்தான் ரொம்ப விட்டுக்குடுத்தேன். மொத்தமே ஒம்பது நாத்தான் போச்சு."

"பன்னெண்டு தடவை கூண்டு மாறியிருக்குண்ணே."

அவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார்.

"குழாய் இல்ல. மாறினதுதான். ஒவ்வொரு தடவையும் புது எடம், புதுக் கூட்டாளி. யாரு பெரியவன் யாரு சின்னவன்னு மொதல்லேர்ந்து சண்டை. எது ரொம்ப மாறுச்சோ அதுக்கு ரொம்ப."

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும் என்று முன்பே நினைத்திருந்தாள். இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல வழி தெரியவில்லை.

ஆண்டிச்சாமி மறுபடி குனிந்து பார்த்தார். இந்தத் தடவை வெகுநேரம் பார்த்தார். அதைத் தினமும் குழாயிலேயே விட்டிருந்தால் இதைவிடத் தேவலையாக இருந்திருக்குமா என்று குனிந்தபடியே கேட்டார். கெட்டுத்தான் போயிருக்கும், ஆனால் இந்த அளவுக்கு இல்லை என்றாள். அவர் நிமிர்ந்தார். "வாரேன் மேடம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு ஸ்வர்ணா இழுப்பறையிலிருந்து அந்த அட்டவணையை எடுத்தாள். அதில் புது இடப்பக்கம் என்ற தலைப்பின் கீழ் பன்னிரண்டு எண்கள் இருந்தன. பதினொன்றும் இருந்தது. வித்தியாசம் பெரிதாகத் தெரிந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். இருபத்தொரு நாள் குழாயில் இருந்த எலி என்று அந்த அட்டவணை அதைப் பற்றிச் சொன்னது. அது ஒன்பது நாள் குழாயில் இருந்த எலி. அவளைத் தவிர இதை அறிந்தவர்கள் இரண்டு பேர். வெங்கடேஷ்பாபு வாயைத் திறக்க மாட்டார். ஆண்டிச்சாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. அவள் தாளை இரண்டாகக் கிழித்தாள்.

பத்திரிகை ஆசிரியருக்கு எழுதினாள். எலிகளைப் பிரித்ததில் எங்கள் கூடத்தில் தவறு நேர்ந்துவிட்டது, பொறுப்பு என்னுடையது, இந்தப் பரிசோதனையைக் கணக்கில் எடுக்க முடியாது, மறுபடி செய்ய ஆறு மாதம் வேண்டும். ஆறு மாதம் தர முடியாது என்று நான்காம் நாள் பதில் வந்தது. கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, தயாரானபின் புதிதாக அனுப்பலாம். புதிதாக என்றால் வரிசையின் கடைசியில். அவள் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதி, நிறுவன இயக்குநரின் பார்வைக்கு ஒரு பிரதி வைத்தாள். தவறு யாருடையது என்று இயக்குநர் கேட்டார். தன்னுடையது என்றாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வருடத்துக்கு அவள் கேட்டிருந்த உதவியாளர் பற்றிய பேச்சும் அத்தோடு நின்றது.

அலுவலகத்தில் யார் வழியாகவோ விஷயம் எலிக்கூடத்துக்குப் போய்விட்டது. ஆண்டிச்சாமி மத்தியானம் வந்து வாசலில் நின்றார்.

"நாஞ் செஞ்சேன்னு எழுதுங்க மேடம். ஒங்க பேர்ல எதுக்கு?"

அவருக்குப் பதினொரு வருடமாகத் தினக்கூலி. நிரந்தரம் செய்யும் பட்டியலில் அந்த வருடம்தான் பெயர் ஏறியிருந்தது. அதை இருவருமே பேசவில்லை.

"எலிய மாத்துனது யாருன்னு அவங்களுக்கு வேண்டாம்ணே. பாத்துக்கிட்டு இருந்தது யாருன்னுதான் கேப்பாங்க. நான் குழாய எண்ணுனேன். வாலப் பாக்கல."

"தப்புன்னு எழுதியிருக்கீங்களா?"

"ஆமா."

அவர் கதவு நிலையில் கைவைத்து நின்றார். எதையோ கணக்குப் போடுகிற மாதிரி இருந்தது.

"அதுக கெட்டுப்போச்சுன்னு சொல்றீங்க, சரி. கண்ணால பாத்துட்டேன். ஆனா வேற எப்படிச் செய்யணும்ங்கிறீங்க? பாதி மட்டும் கெடந்து சீரழியட்டும்னு விட்டுறணுமா?"

"ஆமாண்ணே. பாதி மட்டும்தான். அதுதான் பரிசோதனை."

அவர் தலையாட்டினார். ஒத்துக்கொண்டதற்கான ஆட்டமாக அது தெரியவில்லை. போகும்போது இந்தத் தடவை வாரேன் என்று சொல்லவில்லை.

நவம்பர் இருபத்தேழாம் தேதி கடிதத்தை அனுப்பினாள். அம்மா கேட்டபோது அனுப்பிவிட்டேன் என்றாள். எதை என்று அம்மா கேட்கவில்லை.

மார்ச் மாதம் ஜெர்மனிக்காரர்களின் கட்டுரை அச்சில் வந்தது. வெங்கடேஷ்பாபு பிரதி எடுத்துக் கொண்டுவந்து அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஸ்வர்ணா அதை ஒரே மூச்சில் படித்தாள். நல்ல கட்டுரை. அவள் நான்கு வருடமாகச் சொல்லிவந்ததை அது பத்துப் பக்கத்தில் சொன்னது. செய்முறைப் பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பென்சிலால் ஓர் இடத்தில் கோடு போட்டாள். எலிகளை எத்தனை நாளைக்கு ஒருமுறை கூண்டு மாற்றினார்கள், எவற்றோடு சேர்த்து வைத்தார்கள் என்று அவர்கள் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. அவளுக்கும் போன வருடம் தோன்றியிருக்காது.

ஜூலையில் மறுபடி இருபத்து நான்கு எலிகள் வந்தன. இந்தத் தடவை மூன்று குழு. எட்டு எலி குழாய்க்கு. எட்டு சும்மா இருக்கும். மூன்றாவது எட்டு குழாய்ப் பக்கமே போகாது, தினமும் கூண்டு மட்டும் மாறும். எலிகள் வருவதற்கு முந்தின நாள் ஸ்வர்ணா ஆண்டிச்சாமியிடம் எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் முழுவதையும் கேட்டார். மாத்த வேண்டியது தினமுமா என்று ஒருமுறை மட்டும் இடைமறித்துக் கேட்டார். பிறகு, தீனி போடுகிறேன், தண்ணீர் வைக்கிறேன், கழுவுகிறேன், குழாயில் விடுவதும் கூண்டு மாற்றுவதும் தன்னால் ஆகாது என்றார். இயக்குநரிடம் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார். நிரந்தரப் பட்டியல் இன்னும் கையெழுத்தாகவில்லை. அது அவருக்கும் தெரியும்.

அவள் இயக்குநரிடம் போகவில்லை. அப்படியானால் அதை நான் செய்துகொள்கிறேன் என்றாள். செல்களை எண்ணும் வேலை வெங்கடேஷ்பாபுவுக்குப் போயிற்று. உறை அவளிடம் வந்தது.

முதல் நாள் காலை ஒன்பதரைக்குக் கையுறை மாட்டிக்கொண்டு எலிக்கூடத்துக்குள் நுழைந்தாள். பதினைந்து வருடமாக எலி மூளையைப் பார்த்துவருகிறவள். உயிருள்ள எலியைக் கையில் எடுத்து எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்தால் சரியாகச் சொல்ல முடியாது. குழாய்க்கான எட்டையும் விட்டு முடிக்கவே அரைமணி ஆனது. இரண்டு தடவை கடி வாங்கினாள். கையுறை கிழியவில்லை. பிறகு மூன்றாவது குழுவின் கூண்டைத் திறந்து, ஒன்றின் வாலைப் பிடித்து மேலே தூக்கினாள். அது தலைகீழாகத் துள்ளியது.

ஆண்டிச்சாமி வாளியோடு வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று அவளுக்குத் தெரியாது.

"வாலப் பிடிச்சுத் தூக்காதீங்க. அடியில கை குடுங்க."

அவள் இன்னொரு கையை அடியில் கொடுத்தாள். எலி அடங்கியது. உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொள்வது கையுறையைத் தாண்டியும் தெரிந்தது. வாலைத் திருப்பி எண்ணைப் பார்த்து, தாளில் குறித்துக்கொண்டு, அதைப் பக்கத்துக் கூண்டில் விட்டாள். உள்ளே படுத்திருந்த இரண்டும் எழுந்து நின்றன. புதிதாக வந்தது மூலையில் ஒட்டிக்கொண்டது.

ஆண்டிச்சாமி அதைப் பார்க்க நிற்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டார்.